நெடுநாள் விருந்தினர்

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பதே பொருள். முன்பின் அறியாத புதியவராய் வாயிலில் வந்து நிற்பவரே விருந்தினர். உறவினர் வேறு, விருந்தினர் வேறு எனப் பகுத்துக் கண்டவர்கள் நம் முன்னோர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் விருந்தோம்பலுக்கு மூன்று நாட்களை எல்லையாக வகுத்து, அதற்கு மேல் அளிப்பது தருமத்தின் பாற்படும் என்று அருளினார்கள். அவ்வாறாயின், ஒரே விடுதிக்கு முப்பது ஆண்டுகளாகச் சென்று தங்கி வருபவரை நாம் யாதென அழைப்பது? 'நெடுநாள் விருந்தினர்' என்பது தன்னைத் தானே மறுக்கும் தொடர் அன்றோ?

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அமெரிக்க நாட்டின் ஃபுளோரிடா மாநிலத்தில் 1971 அக்டோபர் 1ஆம் நாள் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்னும் கேளிக்கை நகரம், பணம் கொடுத்து உள்ளே வருவோரை வாடிக்கையாளர் என்று அழைப்பதில்லை. விருந்தினர் என்றே அழைக்கிறது. 1955இல் கலிஃபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தின் நாள்தொட்டு வரும் வழக்கம் அது. பாலினேஷியன், கண்டெம்பரரி, கிராண்ட் ஃபுளோரிடியன் முதலிய சொகுசு விடுதிகள் அந்நகரத்துள் இருக்கின்றன. தேனிலவுக்கு வந்தவர்கள் பின்னர்ப் பிள்ளைகளோடு வந்து, இப்போது பேரப்பிள்ளைகளோடு வந்து தங்குகிறார்கள். இத்தகைய குடும்பங்களின் மனக்குறை அண்மை ஆண்டுகளில் ஓங்கி ஒலிக்கிறது. தாங்கள் அறிந்த இடம் இது அன்று என்கிறார்கள். அக்குறையில் நியாயம் எவ்வளவு, பழக்கத்தால் வந்த பாசம் எவ்வளவு என்று பகுத்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

நல்லூரில் பனியன் தைத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு ஃபுளோரிடாவின் சொகுசு விடுதியால் ஆவதென்ன என்று வாசகர் வினவலாம். மிக்கி எலியின் உருவம் அச்சிட்ட குழந்தைப் பனியன்களைக் காதர்பேட்டைக் கடைகளில் கண்டிருக்கிறோம் என்பதோடு அந்த உறவு முடிந்துவிடவில்லை. தீபாவளி போனஸ் கொடுத்துக் கம்பெனிகள் மூடிக் கிடக்கும் சில நாட்களிலும், பெருநாளுக்கு மறுநாளும், வேன் பிடித்துக்கொண்டு மேட்டுப்பாளையத்துப் பிளாக் தண்டருக்கோ, பாலக்காடு வழியே கொச்சி வொண்டர்லாவுக்கோ செல்லும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். டிஸ்னியில் எழுந்துள்ள கேள்வி அங்கெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. அதனைப் பின்னர்க் காண்போம்.

நெடுநாள் விருந்தினரின் முதற்குறை ஓர் ஆற்றைப் பற்றியது. மாஜிக் கிங்டம் என்னும் பூங்காவில் 1971 முதல் ஒரு செயற்கை ஆறு இருந்தது. அதில் நீராவிப் படகு ஒன்று மெதுவாகச் சுற்றிவரும். 1973இல் அதன் நடுவே சிறுவர்கள் ஓடியாட ஒரு தீவும் திறக்கப்பட்டது. 2025 ஜூலையில் ஆறு, படகு, தீவு யாவும் மூடப்பட்டன. கார்கள் பேசும் திரைப்படம் ஒன்றைத் தழுவிய புதிய களம் அவ்விடத்தில் அமையவிருக்கிறது. அந்தப் படகில் தந்தையின் மடியில் அமர்ந்து சென்றவர்கள் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள். அவர்கள் நெஞ்சு கனத்ததில் வியப்பில்லை.

ஆயினும் இக்குறையை நீதியின் தராசில் வைத்தால் அது எழும்பிவிடுகிறது. 1998இல் அதே பூங்காவில், திருவாளர் டோட் என்னும் தேரையின் பெயரால் அமைந்த சவாரியை மூட முற்பட்டபோதும் பழைய அன்பர்கள் திரண்டு வந்து எதிர்ப்புக் காட்டினர். நிர்வாகம் செவிசாய்க்கவில்லை. மறு ஆண்டே அவ்விடத்தில் வின்னி த பூ என்னும் கரடியின் சவாரி வந்தது. அன்று அக்கரடியைக் கண்டு கைகொட்டிய குழந்தைகள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். நாளை அதனை அகற்றினால் கண்ணீர் விடப்போவோர் அவர்களே! தமது பூங்கா என்றும் முற்றுப்பெறாது, மாறிக்கொண்டே இருக்கும் என்று அதனைத் தோற்றுவித்தவரே சொல்லியிருக்கிறார். சொன்னபடி நடந்தால் அது வாக்குத் தவறுதல் ஆகாது.

ஆறு என்றதும் நமக்கு நொய்யல் நினைவுக்கு வருகிறது. நொய்யலிற் சாயக்கழிவு கலந்ததன் பேரில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. அந்த நீரை நம்பி வேளாண்மை செய்தவர்களுக்கு ஆற்றின் மீது உரிமை இருந்தது. ஆகவே வழக்காட முடிந்தது. டிஸ்னியின் ஆற்றில் படகேறியவர்களுக்கு நினைவு இருந்தது. நினைவு இனியது, மதிக்கத் தக்கது, ஆனால் அது பட்டா ஆகாது.

இரண்டாவது குறை வசதிகளையும் விலையையும் பற்றியது. விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு அழைத்துச் செல்ல 2005 முதல் ஓடிய இலவசப் பேருந்து 2022 ஜனவரியோடு நின்றது. 1971இல் பெரியவர் ஒருவருக்கு 3.50 டாலராக இருந்த மாஜிக் கிங்டம் நுழைவுக் கட்டணம், 2025ஆம் ஆண்டின் விழாக்கால நாட்களில் 199 டாலரை எட்டியது. அந்நாளைய 3.50 டாலர் இந்நாளைய 28 டாலருக்கு ஒப்பாகும். சவாரிகளுக்கு அன்று தனிச் சீட்டு வாங்கவேண்டியிருந்தது என்பதையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் ஏற்றம் பெரிதுதான். எனினும் விலையை ஏற்றுவது வணிகரின் செயல்; அறிவித்துவிட்டு ஏற்றுபவரைக் குற்றவாளி என்று சொல்வதற்கில்லை. வேண்டாதவர் வேறிடம் போகலாம். 'விருந்தினர்' என்று வாயார அழைத்துக்கொண்டே ஏற்றுவதுதான் காதுக்குச் சற்று நெருடுகிறது. நம் வீட்டு விருந்தினரிடம் சஹனில் இட்ட சோற்றுக்குக் கணக்குக் கேட்போமா?

மூன்றாவது குறையே நாம் நின்று நோக்க வேண்டியது. அது வரிசையைப் பற்றியது.

புகழ்பெற்ற சவாரி ஒவ்வொன்றின் முன்னும் நீண்ட வரிசை நிற்கும். 1999இல் டிஸ்னி நிறுவனம் ஃபாஸ்ட் பாஸ் என்றொரு முறையைக் கொண்டுவந்தது. நுழைவுச் சீட்டைப் பொறியிற் செலுத்தினால், இன்ன நேரத்துக்கு வருக என்று ஒரு துண்டுச் சீட்டு வரும். அந்நேரத்தில் சென்றால் அதிகம் காத்திராமல் ஏறலாம். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. உள்ளே வந்த எவரும் பெறலாம். ஓட்டமும் நடையுமாக முந்திச் சென்றவருக்கு நல்ல நேரம் கிடைத்தது, அவ்வளவே. 2014 வாக்கில் அது முன்பதிவு முறையாயிற்று. விடுதியில் தங்குவோர் 60 நாட்களுக்கு முன்னரும் ஏனையோர் 30 நாட்களுக்கு முன்னரும் பதியலாம் என்றாயிற்று. 2021 அக்டோபரில் இலவசம் ஒழிந்தது. நாளொன்றுக்குத் தலைக்கு 15 டாலர் என்று தொடங்கிப் பின்னர் நாளுக்கொரு விலையாயிற்று. 2024 இறுதியில் எல்லாவற்றுக்கும் முடிசூட்டியது போல் பிரீமியர் பாஸ் வந்தது. ஒரு நாளில், ஒரு பூங்காவில், குறித்த சவாரிகளில் தலா ஒரு முறை நேரங் குறிக்காமலே விரைவுப் பாதையிற் புகுவதற்கு, பூங்காவையும் நாளையும் பொறுத்துத் தலைக்கு 129 முதல் 449 டாலர் வரை. தொடக்கத்தில் இதனைச் சொகுசு விடுதிகளில் தங்குவோருக்கே விற்றார்கள்.

இதில் பிழை என்ன? பணம் உள்ளவர் நல்ல அறையில் தங்குகிறார். இல்லாதவர் சிறிய அறையில் தங்குகிறார். அதனை ஒப்புக்கொள்ளும் நாம் இதனை மட்டும் ஏன் மறுக்க வேண்டும் என்று கேட்பவர் உண்டு. நல்ல கேள்விதான். ஆயின் இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு இருக்கிறது. கிராண்ட் ஃபுளோரிடியனில் ஒருவர் பட்டு மெத்தையில் உறங்குவதால், வெளியே மலிவு விடுதியில் உறங்குபவரின் பாய் கிழிந்துவிடுவதில்லை. சேரன் எக்ஸ்பிரஸில் குளிர்சாதனப் பெட்டியில் படுத்திருப்பவரும் முன்பதிவில்லாப் பெட்டியில் குந்தியிருப்பவரும் ஒரே வேளையில்தான் சென்னை சேருகிறார்கள். வரிசை அத்தகையதன்று. ஒரு சவாரி மணிக்கு 1,000 பேரை ஏற்றும் என்று கொள்வோம். அதில் 700 இடங்களை விரைவுப் பாதைக்கு விட்டுக்கொடுத்தால், பொது வரிசைக்கு எஞ்சுவது 300. முன்னர் ஒரு மணி நேரத்தில் ஏறியிருக்கக்கூடியவர் இப்போது மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்கிறார். ஒருவர் மிச்சம் பிடித்த நிமிடங்கள் வானத்திலிருந்து இறங்கவில்லை. பொது வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற இன்னொருவரின் மடியிலிருந்து எடுக்கப்பட்டவை. எடுத்தவர் பணம் கொடுத்தார் என்பது மெய். யாரிடம் கொடுத்தார்? இழந்தவரிடம் அன்று!

இங்கேதான் நெடுநாள் விருந்தினரை நாம் சற்றே கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. விடுதியில் தங்குவோருக்கு 60 நாள், ஏனையோருக்கு 30 நாள் என்றிருந்த ஆண்டுகளில் அவர் குறை கூறியதாக நாம் கேள்விப்படவில்லை. விடுதிக்காரர்களுக்கென்று பூங்காவைக் கூடுதல் நேரம் திறந்துவைத்தபோதும் அது அவருக்கு நியாயமாகவே பட்டது. இன்று அவர் வாங்கியதினும் விலை கூடிய சீட்டு ஒன்று வந்து, அதனை வாங்கியவர் அவரைக் கடந்து செல்லும்போது, 'இது முறையா?' என்கிறார். தாம் முந்தியபோது விருந்தோம்பல். தம்மைப் பிறர் முந்தியபோது அநீதி. இந்த மனநிலை ஃபுளோரிடாவுக்கு மட்டும் உரியதன்று என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

2013இல் ஒரு செய்தி வெளியாகி அமெரிக்காவையே முகஞ்சுளிக்க வைத்தது. உடற்குறை உள்ளவர்கள் வரிசையில் நிற்க இயலாது என்பதற்காக டிஸ்னி ஒரு சலுகை வைத்திருந்தது. செல்வர் சிலர் மாற்றுத்திறனாளி ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, அவர் தம் குடும்பத்தினர் போல உடன் அழைத்துச் சென்று வரிசைகளைத் தாண்டினராம். அவ்வாண்டே நிர்வாகம் அந்தச் சலுகையை மாற்றியமைத்தது. இடர்ப்படுபவருக்கு வழிவிடுவது இரக்கம். அந்த இரக்கத்தையே வாடகைக்கு எடுத்தவர்களை என்னவென்பது! எனினும், கூலிக்கு ஆள் பிடித்தவரை இகழ்ந்த அதே உலகம், எட்டு ஆண்டுகளில் அந்த வரிசை தாண்டுதலை நிறுவனமே நேராக விற்றபோது பையைத் திறந்து வாங்கிக்கொண்டது.

வரிசை என்பது நமக்கு நன்கு பழகிய ஒன்று. பள்ளிவாசலில் முந்தி வந்தவர் முன் வரிசையில் நிற்கிறார். பனியன் கம்பெனி முதலாளி பிந்தி வந்தால், தம்மிடம் வேலை பார்க்கும் கட்டிங் மாஸ்டருக்குப் பின்னால் நின்று தொழ வேண்டியதுதான். சபையில் அமர்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு அவ்விடத்தில் மற்றொருவர் அமர்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். மினாவில் தங்களுக்கு நிழலாக ஒரு கட்டிடம் எழுப்பலாமா என்று கேட்கப்பட்டபோது, வேண்டாம், மினா முந்தி வந்தவர் இறங்கும் இடம் என்று மறுத்தார்கள் எனவும் நபிமொழி நூல்கள் கூறுகின்றன. நபியென்ற சிறப்பாலும் அங்கு ஓர் இடத்தைத் தமக்கென ஒதுக்கிக்கொள்ள அவர்கள் இசையவில்லை. அதே மினாவில் இன்று கூடாரங்களுக்குத் தரமும் தரத்துக்கேற்ற விலையும் உள்ளன. இலட்சக்கணக்கானோர் கூடுமிடத்தில் நிர்வாகம் என்று ஒன்று வேண்டும் என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஹாஜிமார்கள் ஊர் திரும்பியபின், தங்கள் கூடாரம் எத்தனை சொகுசு என்று பெருமை பேசக் கேட்கும்போது, நம் மனம் அந்தப் பழைய மறுமொழியிடமே போய் நிற்கிறது.

பூங்காவும் புண்ணிய பூமியும் ஒன்றல்ல. கேளிக்கைக்கு இத்தனை நியாயம் பேச வேண்டுமா என்றும் கேட்கலாம். வேண்டும் என்பதே நம் கருத்து. வரிசையில் நிற்கும் ஒழுக்கத்தைக் குழந்தைகள் நூல்களிற் கற்பதைவிட இத்தகைய இடங்களிலேதான் கற்கிறார்கள்.

கொச்சி வொண்டர்லாவிலும், 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே திறக்கப்பட்ட சென்னை வொண்டர்லாவிலும் கூடுதல் பணத்துக்கு ஃபாஸ்ட் டிராக் என்னும் சீட்டு உண்டு. ஆண்டு முழுவதும் சிஃப்ட் பார்த்து, சனிக்கிழமைச் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஒரு நாள் வேன் பிடித்துச் செல்லும் நல்லூர்க் குடும்பம் பொது வரிசையில்தான் நிற்கும். பக்கத்துப் பாதையில் சிலர் விறுவிறுவென்று ஏறிச் செல்வதைப் பார்த்து, "அத்தா, நாமதானே முதல்ல வந்தோம்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தத் தந்தை சொல்லக்கூடிய விடை யாது? அவர்களிடம் காசு இருக்கிறது என்பது உண்மையான விடைதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதனைச் சொல்ல எந்தத் தந்தைக்கும் நா எழாது.

முதிய தாயோடும் கைக்குழந்தையோடும் வந்து, வேறு வழியின்றி அந்தச் சீட்டை வாங்குபவரை நாம் குறை கூறோம். நிறுவனத்திடம் நாம் கேட்பதும் மிகச் சிறிது. ஒவ்வொரு சவாரியின் வாயிலிலும், இங்கிருந்து இத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அதே பலகையில், இந்த ஒரு மணி நேரத்தில் பணம் கொடுத்த வரிசையிலிருந்து ஏறியவர் எத்தனை பேர், பொது வரிசையிலிருந்து ஏறியவர் எத்தனை பேர் என்னும் இரண்டு எண்களையும் எழுதி வைக்கட்டும். விருந்தினர் என்று அழைப்பவர்கள் இவ்வளவையாவது மறைக்காமல் சொல்லலாம். நிற்பவர்களுக்கு வேறு வேலை இல்லை, படித்துக்கொண்டே நிற்பார்கள்.