விடுகைப் பத்திரம் மருந்தாகுமா?

ஆலயமும் பாடசாலையும் ஒரு கிராமத்தின் இரு கண்கள் என்பர் பெரியோர். விஜயதசமியன்று ஆலய மண்டபத்தில் பச்சையரிசியில் விரல் பதித்து அகரம் எழுதிய பிள்ளையே பின்னர் பாடசாலைப் படியேறுகின்றது. ஆதலால் பாடசாலையில் ஒரு பிள்ளைக்கு நேரும் தீங்கு ஆலயத்துக்கும் உரிய கவலையேயாகும். இன்று பெற்றோர் மனத்தை வாட்டும் கவலைகளுள் முதன்மையானது மாணவரிடையே பரவிவரும் போதைப் பழக்கமாகும்.

ஒரு காலத்தில் தவறணையும் சுருட்டும் பெரியவர்களோடு நின்றன. வாசம் காட்டிக் கொடுத்துவிடும் என்ற பயமாவது இளையோருக்கு இருந்தது. இன்றோ மாவா எனப்படும் புகையிலை கலந்த பாக்குப் பொட்டலம், போதை மாத்திரை, கஞ்சா, ஐஸ் என்பன காற்சட்டைப் பைக்குள் அடங்கிவிடுகின்றன. "பாக்குத்தானே" என்று சிலர் இதனை இலேசாக எண்ணுவதுமுண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெற்றிலை பாக்குங்கூட மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று கூறியுள்ளது. புகையிலையிலுள்ள நிக்கொட்டினோ, புகைத்த சில விநாடிகளில் மூளையைச் சென்றடைகின்றது. ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ச்சியடைந்து கொண்டிருக்கும் மூளை எளிதில் அதற்கு அடிமையாகிவிடும்.

தரம் 10 மாணவன் ஒருவனுடைய புத்தகப் பையில் ஒரு மாவாப் பொட்டலம் அகப்படுகின்றது என்று வைத்துக்கொள்வோம். அதிபர் முன்னே மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, மறைத்துவிடுதல். பாடசாலையின் பெயர் கெட்டுவிடும், வலயக் கல்விப் பணிமனை விளக்கம் கேட்கும், அடுத்த வருடம் தரம் 6 இற்குப் பிள்ளைகள் சேரமாட்டார்கள் என்ற அச்சத்தால் பொட்டலத்தை எறிந்துவிட்டு விடயத்தை முடித்துவிடுவது. இங்கே காப்பாற்றப்படுவது பாடசாலையின் பெயர் மாத்திரமே. பிள்ளை காப்பாற்றப்படவில்லை. புண்ணை மூடிக் கட்டினால் அது உள்ளே புரையோடும்.

இரண்டாவது, விடுகைப் பத்திரத்தைக் கையிற் கொடுத்து அனுப்பிவிடுதல். இதற்கு ஆதரவாகப் பேசுவோரின் வாதம் புறந்தள்ளத் தக்கதன்று. "அந்த ஒருவனுக்காக வகுப்பிலுள்ள நாற்பது பிள்ளைகளையும் பலி கொடுப்பதா?" என்று ஒரு தாய் கேட்டால் அதில் நியாயம் இருக்கவே செய்கின்றது. தன் பிள்ளையைக் காக்க விரும்பும் தாயின் அச்சம் அது. ஆயினும், அனுப்பப்பட்டவன் எங்கே போகின்றான் என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். வேறொரு பாடசாலைக்குப் போனால் அங்கும் நாற்பது பிள்ளைகள் இருக்கின்றனர். எந்தப் பாடசாலையும் ஏற்காவிட்டால் அவன் சந்தியில் நிற்பான். அவனை இருகரம் நீட்டி வரவேற்பவன் பொட்டலத்தை விற்றவனே. காலை முதல் பாடசாலை விடும் வரை ஆசிரியரின் கண்பார்வையில் இருந்த பிள்ளை, அதன்பின் நாள் முழுவதும் அவனுடைய கண்பார்வையில் இருக்கும். மாலையில் பாடசாலை வாசலுக்கு வந்து, பழைய வகுப்புத் தோழரையும் அழைக்கும். நாற்பது பேரைக் காக்க என்று செய்த காரியம் நாற்பது பேருக்கும் காவலாக அமையவில்லை. மேலும், எமது நாட்டில் 16 வயது வரை கல்வி கட்டாயம் என 2016 இல் விதிக்கப்பட்டுள்ளது. பதினைந்து வயதுப் பிள்ளையை வீதிக்கு அனுப்புவது அவ்விதியின் நோக்கத்துக்கும் மாறானது.

பிற நாட்டு அனுபவமும் இதனையே காட்டுகின்றது. அமெரிக்காவின் உயர்நிலைப் பாடசாலைகள் பலவற்றில், சிறு தவறுக்கும் விலக்கு என்னும் கண்டிப்பான முறை நெடுங்காலம் கைக்கொள்ளப்பட்டது. அந்நாட்டு உளவியலாளர் சங்கம் நியமித்த குழு ஆராய்ந்து 2008 இல் வெளியிட்ட அறிக்கையில், அம்முறையாற் பாடசாலைகள் பாதுகாப்பானவையாக மாறியதற்குச் சான்றில்லை என்று கூறியது. மாணவரின் சிறுநீரைப் பரிசோதித்துப் போதையைக் கண்டறியும் முறையும் அங்கே உண்டு. 2003 இல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதனை நடந்த பாடசாலைகளுக்கும் நடவாத பாடசாலைகளுக்கும் இடையே பழக்கத்தின் அளவில் வேறுபாடு காணப்படவில்லை. 1983 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தொடங்கிய, பொலிசார் வகுப்புக்கு வந்து போதை பற்றிப் பாடம் நடத்தும் திட்டமும் நிலைத்த பலன் தரவில்லை என ஆய்வுகள் கூறின. பயமுறுத்தலும் பரிசோதனையும் பிரசங்கமும் தனித்து நின்று பிள்ளையை மீட்கமாட்டா என்பது இவற்றாற் புலப்படும்.

மூன்றாவது வழி, பாடசாலைக்குள்ளே வைத்துத் திருத்துதல். திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை 93 ஆம் அதிகாரமாக வைத்தார். அதற்கு இரண்டு அதிகாரம் தள்ளி மருந்து என்னும் அதிகாரத்தை வைத்தார். நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து மருந்தைக் கொடுப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது அவ்வதிகாரத்தின் முடிந்த கருத்து. போதைக்கு ஆளான மாணவன் விடயத்தில் இந்த நான்கினுள் எது குறைந்தாலும் நோய் தீராது.

"ஏனடா இதைப் போட்டாய்?" என்று அதட்டிக் கேட்டால் பிள்ளை நிலத்தைப் பார்க்கும். "எப்போது தொடங்கினாய்? யார் முதலில் தந்தது? எந்த நேரத்தில் மனம் அதைத் தேடுகின்றது?" என்று ஆலோசனை ஆசிரியர் தனியே இருத்திக் கேட்டால் விடை வரும். வீட்டில் தகப்பனின் குடியும் சண்டையும் இருக்கலாம். பாடம் விளங்காமற் பின்வாங்கில் இருந்தவனாக இருக்கலாம். மூத்த நண்பர் முன்னே பயந்தவன் என்று பெயரெடுக்கக் கூசியவனாகவும் இருக்கலாம். காரணத்துக்கேற்ப மருந்தும் வேறுபடும். ஐஸ், ஹெரோயின் போன்றவற்றுக்கு அடிமையானவனை வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அது புத்திமதியால் மாத்திரம் தீரும் நோயன்று.

திருத்துதல் என்றால் தண்டனையே இல்லை என்பது பொருளன்று. மாணவர் தலைவர் பதவி பறிக்கப்படலாம். பெற்றோர் அழைக்கப்படலாம். நாள்தோறும் வகுப்பாசிரியர் முன் வந்து கையொப்பமிடுமாறு பணிக்கப்படலாம். ஆனால் காலைப் பிரார்த்தனையில் ஆயிரம் பேர் முன்னே நிறுத்தி அவமானப்படுத்துவதும் பிரம்பால் அடிப்பதும் திருத்தமாகமாட்டா. பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தவிர்க்குமாறு கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விடுத்துள்ளது. சக மாணவருக்கு விற்பவன் விடயத்தில் மட்டும் அதிபர் இறுக்கமாக நடந்து அவனை மற்றவரிடமிருந்து பிரித்துவைத்தல் அவசியம். அங்கும் அவனுக்குப் பின்னால் நிற்கும் பெரியவனே முதற் குற்றவாளி.

சட்டமும் இதனையே சொல்கின்றது. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையை நிறுவிய 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி, 21 வயதுக்குட்பட்டவருக்குச் சிகரெட்டோ மதுவோ விற்பது குற்றமாகும். அச்சட்டம் கைநீட்டுவது விற்பவனை நோக்கியே. ஊர் கைநீட்டுவதோ பிள்ளையை நோக்கி. சிறுவனுக்குச் சிகரெட் விற்ற கடைக்காரர் திருவிழாவில் உபயகாரராகக் காளாஞ்சி பெற, வாங்கிய சிறுவன் பாடசாலை வாசலில் விடுகைப் பத்திரத்தோடு தலைகுனிந்து நிற்பது எந்தத் தருமம்? இக்கேள்வியை ஆலயங்களும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சைவ மக்களுக்கு இவ்விடயத்தில் வழிகாட்டும் வரலாறு ஒன்று உண்டு. மருள்நீக்கியார் தம் குலநெறி விட்டுச் சென்றபோது தமக்கையார் திலகவதியார் உள்ளம் வருந்தினார். சூலைநோயால் துடித்த தம்பி ஆளனுப்பி அழைத்தபோது, அவரிருந்த இடத்துக்கு வர அம்மையார் உடன்படவில்லை. ஆனால் இரவோடிரவாகத் தம்பி திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தபோது கதவை அடைக்கவுமில்லை. பழைய கணக்கைக் கேட்கவுமில்லை. திருநீறு கொடுத்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். சமயம் மாறியதும் போதையும் ஒன்றல்ல. ஆயினும் தவறென்று கண்டதற்கு இணங்காத உறுதியும், திரும்பி வந்தவரை ஏற்கும் கருணையும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் என்பதை அம்மையார் காட்டினார். அன்று அந்தக் கதவு அடைபட்டிருந்தால் சைவ உலகுக்குத் திருநாவுக்கரசர் கிடைத்திருப்பாரா?

அருகிருந்து மருந்து கொடுப்பவர் என வள்ளுவர் சொன்ன இடத்தில் நிற்கவேண்டியவர்கள் வீட்டாரும் ஊராருமே. மாலையில் விளையாட ஒரு மைதானம், வெள்ளிக்கிழமைகளிற் கூட்டுப் பிரார்த்தனை, திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தலிலும் வாகனம் தூக்குவதிலும் ஒரு பொறுப்பு ஆகியவற்றை அப்பிள்ளைக்குக் கொடுத்தால், தான் வேண்டப்படுபவன் என்ற எண்ணம் அவனுக்குள் வளரும். பெற்றோர் வெட்கப்பட்டு மறைக்காமல் ஆசிரியரிடம் பேசுதல் வேண்டும். சிறுவருக்கு நேரும் தீங்கை 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கும் அறிவிக்கலாம்.

பிழைவிடாத பிள்ளைகளுக்காக மாத்திரம் பாடசாலை கட்டப்படவில்லை. குற்றமற்றவருக்காக மாத்திரம் கோபுர வாசலும் திறந்திருக்கவில்லை. தடுமாறி நிற்கும் பிள்ளைகள் மீண்டு வரவும், அவர்களை ஏற்கும் மனம் பெரியோருக்கு வாய்க்கவும் எல்லாம் வல்ல விநாயகப் பெருமான் திருவருள் பாலிப்பாராக.

மேன்மைகொள் சைவநீதி நிலைப்பதாக. சுபம்.