அவையின் செவி

2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பதினெட்டாவது மக்களவையின் உறுப்பினர்கள் உறுதிமொழி ஏற்றபோது, கிருஷ்ணகிரித் தொகுதியின் உறுப்பினரான திரு. கே. கோபிநாத் தெலுங்கு மொழியில் உறுதிமொழி கூறினார். தமிழகத்திலிருந்து சென்ற ஒருவர் இவ்வாறு செய்தது கண்டு சிலர் வியந்தனர், சிலர் சினந்தனர். ஆனால், அவர் ஊராகிய ஓசூரை அறிந்தவர்க்கு இதில் வியப்பதற்கோ சினப்பதற்கோ ஒன்றுமில்லை. கன்னட நாட்டின் எல்லையை ஒட்டிய அவ்வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் விலை பேசுகின்றன. முஸ்லிம் வீடுகள் பலவற்றில் தக்கனி உருது ஒலிக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்தபின் ஒடியாவும் வங்கமும் இந்தியும் அவற்றோடு சேர்ந்துகொண்டன.

இந்நிகழ்ச்சி நம்முன் ஓர் அறவினாவை வைக்கிறது. மக்களாட்சியில் ஒவ்வொரு குடிமகனின் வாக்குக்கும் ஒரே எடை என்கிறோம். அவனுடைய சொல்லுக்கும் அதே எடை உண்டா? வாக்கை எண்ணுவதற்கு மொழி தேவையில்லை. சொல்லைக் கேட்பதற்கோ செவி வேண்டும்; அச்செவிக்கு அவன் மொழி புரிதல் வேண்டும். கேட்கப்படாதவனைச் சமமானவன் என்று அழைப்பது எவ்வாறு பொருந்தும்?

இவ்வினா நம் அரசியல் சட்டத்தோடு உடன்பிறந்ததாகும். 1946-ஆம் ஆண்டு டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை கூடிய இரண்டாம் நாளிலேயே, இந்துஸ்தானி அறியாதவர்க்கு இந்நாட்டில் இருக்க உரிமையில்லை என்னும் கருத்தைத் துலேகர் என்னும் உறுப்பினர் அவையிலே கூறினார். 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் நடந்தபோது, கண்ணியமிகு காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிபு அவர்கள், பழமையே அளவுகோல் என்றால் தமிழுக்கே அத்தகுதி உண்டு என்று அதே அவையில் எடுத்துரைத்தார்கள். அப்பெருந்தகையின் பொதுவாழ்வு இன்னொரு பாடத்தையும் தருகிறது. திருநெல்வேலிச் சீமையிற் பிறந்த அந்தத் தமிழரை 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மக்களவைக்கு அனுப்பியது மலையாளம் பேசும் மஞ்சேரித் தொகுதி. பிரதிநிதியின் தாய்மொழியும் மக்களின் தாய்மொழியும் ஒன்றாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. அவர்களுடைய குரல் அவரிடம் சென்று சேரவேண்டும் என்பதே வேண்டற்பாலது.

அரசியல் சட்டத்தின் 120-ஆம் பிரிவு, பாராளுமன்ற நடவடிக்கைகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடைபெறும் என்கிறது. எனினும், அவ்விரண்டிலும் தம் கருத்தைச் செவ்வனே கூறவியலாத உறுப்பினர் தாய்மொழியில் பேச அவைத்தலைவர் அனுமதிக்கலாம் என்றும் வழி விடுகிறது. அன்று அனுமதியாக இருந்தது பின்னர் ஏற்பாடாக வளர்ந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம் உள்ளிட்ட பத்து மொழிகளுக்கு மக்களவையில் உடனுக்குடன் மொழிபெயர்க்கும் வசதி வந்தது. 2025 பிப்ரவரியில் உருது உள்ளிட்ட மேலும் ஆறு மொழிகள் அதில் சேர்க்கப்பட்டன. ஓசூரின் தெருக்களில் ஒலிக்கும் மொழிகளுக்கு அவையில் இடம் கிடைத்ததை மனமார வரவேற்போம்.

ஆனால், இவையனைத்தும் உறுப்பினருக்குக் கிடைத்த வசதிகள். அவரை அனுப்பிய குடிமகனின் நிலை என்ன?

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். கிருஷ்ணகிரி ஒரு மாவட்டத்தின் தலைநகர். மாங்கனிக்குப் பெயர்பெற்ற ஊர். திருப்பத்தூரிலிருந்து அவ்வூருக்கு ஒரு காலத்தில் குறுகிய இரயில் பாதை இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. அதன்பின் நாடு விடுதலை பெற்றது, குடியரசாயிற்று, பதினெட்டு மக்களவைகள் அமைந்தன, கிருஷ்ணகிரிக்கு இரயில் திரும்பவில்லை. இரயில்வே மத்திய அரசின் பொறுப்பாதலால், இக்குறையைக் கேட்கவேண்டிய இடம் பாராளுமன்றமே. வேப்பனஹள்ளிப் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு மூதாட்டி, இதுபற்றி மக்களவைக்கு விண்ணப்பம் செய்ய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொதுநலன் பற்றிய விண்ணப்பங்களை ஆராய மக்களவையில் தனிக் குழுவே உண்டு. ஆயின், விண்ணப்பம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்றும், பிற இந்திய மொழியில் எழுதினால் இவ்விரண்டில் ஒன்றில் மொழிபெயர்ப்பை இணைத்து, அதில் விண்ணப்பதாரரே கையொப்பமிடல் வேண்டும் என்றும் மக்களவையின் விதி கூறுகிறது. அதாவது, அம்மூதாட்டி தாம் படிக்க இயலாத ஒரு தாளில், தாம் சொன்னது இதுவே என்று கையொப்பமிட வேண்டும்!

அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவோ, தம் குறையைத் தீர்க்குமாறு எந்த அதிகாரியிடமும், ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் முறையிட ஒவ்வொருவருக்கும் உரிமை அளித்துள்ளது. சட்டம் அதிகாரியிடம் எதிர்பார்க்கும் பெருந்தன்மையை, அச்சட்டத்தின் காவலாகிய அவையின் விதி தன்னிடம் எதிர்பார்க்கவில்லை. அவையின் நாவு பல மொழிகளுக்குத் திறந்துவிட்டது. செவி இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை.

மொழி ஒரு அணிகலன்தான். மக்களுக்கு வேண்டுவது தண்ணீரும் வேலையும் என்று சிலர் வாதிப்பர். தண்ணீர் எங்கே இல்லை என்பதைக் குடம் சுமப்பவளிடம் கேளாமல் வேறு யாரிடம் அறிவது? மற்றொரு சாரார், எல்லா மொழிகளிலும் வரும் தாள்களை மொழிபெயர்த்தால் செலவு பெருகும் என்பர். செலவு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால், இன்றும் அச்செலவு இல்லாமற் போகவில்லை. அதைத் தாங்க இயலாத ஏழையின் தலையில் அது ஏற்றப்பட்டுள்ளது. அவையிலே மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கும்போது, அம்மொழிகளில் வரும் விண்ணப்பங்களை அவையே பெயர்த்துக்கொள்ளலாகாதா? விதியில் ஒரு வாக்கியத்தைத் திருத்தினால் போதுமே!

கேட்பதன் மேன்மையை நம் இரு மரபுகளும் போற்றுகின்றன. திருக்குறளின் 42-ஆம் அதிகாரம் கேள்வி. திருக்குர்ஆனின் 42-ஆம் அத்தியாயம் ஷூரா, அதாவது கலந்தாலோசனை. இது தற்செயலே எனினும் நெஞ்சுக்கு இனிய ஒற்றுமை. ஸஹாபிப் பெண்மணி கவ்லா (ரலி) அவர்கள் தம் கணவரைப் பற்றி முறையிட்டதன் தொடர்பாகவே 58-ஆம் அத்தியாயம் அருளப்பெற்றது. பிற்காலத்தில் அவர்கள் முதுமையுற்றிருந்தபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வழியிலே நின்று அவர்களின் நீண்ட பேச்சைப் பொறுமையுடன் செவிமடுத்த செய்தியை வரலாற்று நூல்கள் கூறும். ஆட்சித்தலைவரின் நேரத்தைவிட ஒரு முதியவளின் சொல் சிறியதன்று என்பதே அதன் கருத்து.

இந்த அளவுகோலை டில்லியின்மீது மட்டும் வைத்துப் பார்ப்பது நீதியாகாது. ஓசூரின் ஆலைகளில் உழைக்க வந்த ஒடிசா, பீகார் இளைஞர் பலரின் பெயர் இங்குள்ள வாக்காளர் பட்டியலில் இல்லை. அவர்களுக்காகக் கேள்வி எழுப்ப இங்கு உறுப்பினர் இல்லை. சொந்த ஊரின் உறுப்பினரோ தொலைவில் இருக்கிறார். அவர்களிற் சிலர் வெள்ளிதோறும் நம் பள்ளிவாசலில் கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டுச் செல்கின்றனர். நம் ஜமாஅத் அறிவிப்பில் ஒரு சொல்லேனும் அவர்களுக்கு விளங்கியதா? கூலி கிடைக்காதபோதும் நோயுற்றபோதும் அவர்கள் யாரிடம் சொல்வது? தமிழைக் கேட்குமாறு தலைநகரிடம் வலியுறுத்தும் உரிமை நமக்கு உண்டு. அவ்வுரிமைக்கு உரியவர் என்று காட்டிக்கொள்ள, நம் வாயிலில் நிற்கும் அந்நியமொழியானின் சொல்லை நாமும் கேட்டல் வேண்டும். உருதும் இந்தியும் அறிந்த ஒருவரை ஒவ்வொரு ஜுமுஆவுக்குப் பின்னும் அரைமணி நேரம் அமரச் செய்வது எந்த ஜமாஅத்துக்கும் இயலாத காரியமன்று. பாராளுமன்றம் தன் விதியைத் திருத்தும்வரை அதற்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை.