‘ஆண்டவன் சித்தம்’ என்று யார் சொல்லலாம்?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொட்டாஞ்சேனையை ஒட்டிய கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தில் பூசை நடந்துகொண்டிருந்தபோது, காலை எட்டே முக்கால் மணியளவில் குண்டு வெடித்தது. அதே காலையில் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் பெரிய ஹோட்டல்கள் மூன்று. இறந்தவர்கள் 260 பேருக்கும் மேல். கட்டுவாப்பிட்டியில் உயிர்த்த இயேசுவின் வெள்ளைச் சுரூபம் முழுக்க இரத்தம் தெறித்திருந்தது.

கும்பிட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே சாவு வந்தால், கடவுள் இன்னும் செயல்படுகிறார் என்று எந்த முகத்தோடு சொல்வது?

பூசைக்குப் பிந்திப் போனதால் தப்பிய ஒருவர், “அந்தோனியார்தான் காப்பாற்றினார்” என்று சொன்னால் அது நன்றி. அதில் பிழையில்லை. அதே சொல் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் விழும்போது, “என் பிள்ளையை ஏன் விட்டார்?” என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. விவிலியத்தில் யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் இருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கியதும் கெட்டது. கடைசியில் கடவுள் சினந்தது, கத்திக் கேள்வி கேட்ட யோபுவிடம் அல்ல, விளக்கம் சொன்ன நண்பர்களிடம். துன்பப்படுகிறவர் தானாகப் பற்றிக்கொள்ளும் நம்பிக்கை வேறு; பக்கத்தில் நிற்பவர் அவர் தலையில் ஏற்றிவைக்கும் நம்பிக்கை வேறு. பின்னது ஆறுதல் போலத் தெரியும் கொடுமை.

பொறுப்பில் இருந்தவர்களுக்கோ ‘ஆண்டவன் சித்தம்’ என்று சொல்ல அறவே உரிமை கிடையாது. தாக்குதல் நடக்கப்போகிறது என்ற எச்சரிக்கை இந்தியாவிலிருந்து ஏப்ரல் தொடக்கத்திலேயே வந்திருந்தது. 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம், கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்புத் துறைகளின் முன்னாள் உயரதிகாரிகளும் தப்பவில்லை. கிடப்பில் போட்ட எச்சரிக்கைக்குக் கடவுளைப் பொறுப்பாக்குவது தெய்வ நிந்தனை.

பழிவாங்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைக் கொழும்பின் வெள்ளவத்தை அறியும். 1983 ஜூலையில், வடக்கே படையினர் 13 பேர் கொல்லப்பட்டதற்கு, அதில் எந்தத் தொடர்புமில்லாத வெள்ளவத்தைத் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2019 மே மாதத்தில் நீர்கொழும்பில் கலவரம் மூண்டபோது கர்தினால் மெல்கம் ரஞ்சித் பள்ளிவாசலுக்கே போனார். குண்டுவெடிப்புக்குப் பழியாக முஸ்லிம்கள் மேல் கை வைக்காதீர்கள் என்று தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். பிறகு நாட்டின் வேறு இடங்களில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதை அந்த வேண்டுகோளால் தடுக்க முடியவில்லை. ஆனாலும் அந்த மாதத்தில் கடவுள் எங்கே இருந்தார் என்று கேட்பவருக்குக் காட்டத்தக்க இடம், சாவுக்குக் கற்பிக்கும் காரணங்களைவிட, ஓங்காமல் நின்ற கைகள்தான்.

அமைதி காக்கச் சொன்ன அதே கர்தினால், சூத்திரதாரிகள் யார் என்று வருடக்கணக்காக அரசுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதில் முரண் இல்லை. கடவுளை நம்புகிறவர் மனிதரிடம் கணக்குக் கேட்பதை விட வேண்டியதில்லை.

கொச்சிக்கடை ஆலயம் மூடியிருந்த நாட்களில் மக்கள் தடுப்புக்கு வெளியே வீதியில் நின்று மன்றாடினார்கள். கடற்படையினர் திருத்தி முடிக்க, 2019 ஜூன் 12 அன்று, திருவிழாவுக்கு முந்தின நாள், கதவு திறந்தது. செவ்வாய்க்கிழமைகளில் இந்துக்களும் பௌத்தர்களும் முன்போலவே கத்தோலிக்கரோடு வரிசையில் நிற்கிறார்கள். உறவைப் பறிகொடுத்தவர்களும் அங்கே வந்து மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். ஏப்ரல் வந்தால் நீதி கேட்டு நிற்கிறார்கள்.