பட்டா இல்லாதவள்

நொய்யலைக் கெடுத்த சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கேடு முற்றிய பிறகு பார்த்த கணக்கு அது. இன்று திருப்பூர் பனியன் கம்பெனிகள் பலவற்றுக்குச் சொந்தக் காற்றாலைகள் உண்டு; தாராபுரம், காங்கேயம் பக்கம் சூரியத் தகடுகளும் பரவுகின்றன. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இவற்றுக்கு முன் அனுமதி கேட்பதில்லை. ஆகவே அதன்படியான கருத்துக்கேட்புக் கூட்டமும் இல்லை.

நிலத்துக்கான பணம் பட்டாதாரருக்குப் போகிறது. அவர் பெரும்பாலும் ஆண். கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காட்டில் ஆடு மேய்த்து வாழ்ந்தவளுக்கு என்ன மிஞ்சும்? புகையில்லாத மின்சாரம் எனக்கும் வேண்டும். ஆனால் நல்ல நோக்கம், கேள்வியிலிருந்து விலக்கு வாங்கித் தராது. மேய்ச்சலை இழப்பவளிடம் முதலிலேயே கேட்காத மதிப்பீடு, நொய்யலில் நாம் செய்த அதே தவறுதான்.