பாதியில் நின்ற செல்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின; பலருக்கு டயாலிசிஸ் செய்தார்கள். சாராயம் குடித்தவருக்கு டயாலிசிஸ் எதற்கு? மெத்தனால் கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜன் பயன்படும் கடைசிப் படியைப் பூட்டிவிடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஓடுகிறது, செல்லின் வாசல்வரை வந்தும் நிற்கிறது. உள்ளே எடுத்து எரிக்க வழியில்லை. அமிலத்தை ரத்தத்திலிருந்து சீக்கிரம் வெளியே எடுக்கத்தான் அந்த இயந்திரம்.

எல்லாம் இருந்தும் செல் பட்டினி கிடக்கும் இந்த நிலையை அன்று நாடே பார்த்தது. ஏறக்குறைய இதே நிலை சத்தமில்லாமல் நடக்கிற இடம் இன்னொன்று உண்டு. கிருமித் தொற்றால் உறுப்புகள் தடுமாறும் அதற்குச் செப்சிஸ் என்று பெயர்.

கள்ளக்குறிச்சியை ஒட்டிய கல்வராயன் போன்ற மலைகளில் புதர் ஓரமாக நடந்து, சாமைக் காட்டிலும் மரவள்ளிக் காட்டிலும் குனிந்து நிமிர்கிறவர்களுக்கு வரக்கூடிய உண்ணிக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். மருத்துவர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சியின் குஞ்சு கடிக்கிறது. கடித்த இடத்தில் சிலருக்கு ஒரு கறுத்த பொருக்கு. முதல் சில நாளில் கண்டுகொண்டால் டாக்சிசைக்ளின் என்ற விலை மலிவான மாத்திரை போதும். நாள் தள்ளினால் நுரையீரல், மூளை, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகத் தடுமாறும். அப்படி முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினோடு அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பதே நல்லது என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது. தாமதமாக வந்தவரின் வீட்டார் மருத்துவமனையில் சொல்வது பெரும்பாலும் இரண்டே வாக்கியம்: "நீர் பிரியலைங்க", "உப்பு கூடிப்போச்சாம்".

நீர் ஏன் பிரியவில்லை? நெடுநாள் ஒரு விடை இருந்தது. ரத்த அழுத்தம் விழுகிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் போதவில்லை, செல்கள் செத்துவிடுகின்றன. கேட்டவுடன் ஒத்துக்கொள்ளத் தோன்றும் விடை. ஆனால் 2000களின் நடுவில் மெல்போர்னில் ரினால்டோ பெல்லோமோவின் குழு செம்மறியாடுகளுக்கு ஈ.கோலை கிருமியைச் செலுத்திப் பார்த்தபோது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் கூடியிருந்தது, வடிகட்டுதலோ விழுந்திருந்தது. செப்சிஸில் இறந்தவர்களின் சிறுநீரகங்களை நுண்ணோக்கியில் பார்த்தவர்களும் எதிர்பார்த்த அளவுக்குச் செத்த செல்களைக் காணவில்லை. செல்கள் பெரும்பாலும் உயிரோடிருந்தன. வேலைதான் நின்றிருந்தது.

நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் வெளியே விடுகின்றன. மிச்சத்தையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொள்வதில் பெரும்பங்கு முதல் வளைவில் இருக்கும் நுண்குழாய்ச் செல்களுடையது. சோடியத்தை ஓயாமல் இறைக்கும் வேலை என்பதால் அவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியா ஏராளம். செப்சிஸில் கிருமியின் துணுக்குகளும், சிதைந்த நம் செல்களின் குப்பையும் அதே வழியாக வடிந்து வருகின்றன. குழாய்ச் செல்லில் இருக்கும் டி.எல்.ஆர்-4 என்ற உணரி அதைத் தொட்டதும் அபாய அறிவிப்பு எழுகிறது. மைட்டோகாண்ட்ரியா அடிபடுகின்றன. செல் அடிபட்டவற்றைத் தானே தின்று அகற்றுகிறது, இறைப்பைக் குறைக்கிறது, பிரிந்து பெருகுவதையும் நிறுத்திவைக்கிறது. உறிஞ்சப்படாத உப்பு குழாயில் கீழே இறங்கியதும், மேலே வடிகட்டியும் தன்னை அடைத்துக்கொள்கிறது. அரவை இல்லாத மாதங்களில் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை நிற்பதைப் போன்ற நிறுத்தம் இது. புகைபோக்கியில் புகை வராததால் ஆலை இடிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

மெத்தனால் போட்டது வெளிப்பூட்டு. இங்கே செல் தானே உள்ளிருந்து தாழிட்டுக்கொள்கிறது. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உழைத்துக்கொண்டே சாவதைவிட ஓய்ந்து கிடந்து பிழைப்போம் என்கிற முடிவாகத்தான் தெரிகிறது. டயாலிசிஸ் அந்த ஓய்வுக்கு நாள் வாங்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

சிக்கல் காய்ச்சல் விட்ட பிறகு தொடங்குகிறது. பல செல்கள் எழுந்து வேலைக்குத் திரும்புகின்றன; பக்கத்தில் செத்த சிலவற்றின் இடத்தை, பிழைத்தவை பிரிந்து நிரப்புகின்றன. சில மட்டும் பிரியத் தொடங்கி, பாதியில் நின்றுவிடுகின்றன. பலவகையில் காயப்படுத்திய எலிச் சிறுநீரகங்களில் இதை 2010இல் காட்டியவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த ஜோசப் பான்வென்ட்ரேயும் அவர் குழுவும். சாகவும் இல்லை, ஆறவும் இல்லை என்ற நிலையில் நிற்கும் அந்தச் செல் சும்மா இருப்பதில்லை. டி.ஜி.எஃப்-பீட்டா போன்ற, காயத்தை மூடச் சொல்லும் வேதிப்பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அதைக் கேட்டுத் தந்துகிகளைத் தாங்கி நிற்கும் பெரிசைட் செல்கள் தங்கள் இடத்தை விட்டு விலகி, நார் நெய்யும் செல்களாக மாறுகின்றன. கொலாஜன் படிகிறது. தாங்குவார் இல்லாத தந்துகி ஒடுங்குகிறது, ஆக்சிஜன் குறைகிறது, அடுத்த குழாய் காயப்படுகிறது, அதுவும் காயத்தை மூடச் சொல்கிறது. கிருமி போய் மாதக்கணக்காகியிருக்கும்.

தழும்பைப் போட்டது பகைவன் அல்ல, நிறுத்தச் சொல்லி ஆணை வராத மராமத்து. நாம் மொத்த பயத்தையும் காய்ச்சல் ஏறும் நாள்களுக்கே செலவழிக்கிறோம். சிறுநீரகத்தின் வாழ்வு முடிவாவதோ, எல்லோரும் "தேறிட்டார்" என்று மூச்சுவிட்டு மூட்டை கட்டும் நாளுக்குப் பிறகு. பிழைத்தல் ஒன்று, ஆறுதல் வேறொன்று. இரண்டாவதற்குக் காவல் இருக்க நமக்குப் பழக்கமே இல்லை.

மலையையும் இப்படித்தான் காவலின்றி விட்டிருக்கிறோம். 1976 வரை ஜாகிர்தார்களின் கீழ் கிடந்த கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கையில் எடுக்க, கருணாபுரத்தில் அத்தனை பேர் சாக வேண்டியிருந்தது.

சிறுநீரகம் அடிபட்டு மீண்டவரை மூன்று மாதத்தில் மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்பது உலகளாவிய வழிகாட்டுதல். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. வீட்டார் "உப்பு" என்று சொல்லும், ரத்தத்தில் அளந்து பார்க்கும் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. கடும் காய்ச்சலில் இளைத்துப் போனவருக்குத் தசையே குறைந்திருப்பதால், சிறுநீரகம் தேறாமலேகூட அந்த எண் நல்ல எண்ணாகத் தெரியும். "உப்பு இறங்கிடுச்சு" என்று சீட்டை மடித்து வைத்துவிடுவார்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்த்தால்தான் உண்மை பிடிபடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது, வயிற்று டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குப் பைகளையும் தருகிறது. மாத்திரையோடு வாசலில் வந்து நிற்கும் பெண், "போன மழைக்கு இந்த வீட்டில் யாராவது காய்ச்சலில் நீர் பிரியாமல் கிடந்தாங்களாம்மா?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்.