ஒரே நீரில் இருவேறு வாழ்வு

குடலில் வாழும் ஈ.கோலி என்னும் நுண்ணுயிரைக் குறித்து 1957-இல் நோவிக், வைனர் என்னும் அறிஞர் இருவர் கண்டது சிந்தனைக்குரியது. பால் சர்க்கரையை ஒத்த ஒரு பொருளை மிகுதியாகப் பெற்ற உயிரணு, அதனை உள்ளிழுக்கும் வாயில்களை அமைத்துக்கொள்கிறது. பின்னர் அப்பொருள் அருகினாலும், அவ்வாயில்கள் கிடைத்த சிறிதளவையும் உள்ளே சேர்க்கின்றன. அதுவே மேலும் வாயில்களைத் தோற்றுவிக்கிறது. அதே நீரில், மிகுதியைக் கண்டிராத மற்றோர் உயிரணு வாயிலின்றியே வாழ்கிறது. இரண்டின் வழித்தோன்றல்களும் பற்பல தலைமுறைகள் தத்தம் மூதாதையின் நிலையிலேயே நிற்கின்றன.

‘எங்கள் பாட்டனார் காலத்து வழக்கம்’ என்று நாம் சொல்வதும் இத்தகையதே அன்றோ? உயிரணுவுக்குக் கேள்வி கணக்கில்லை, நமக்கு உண்டு. ஆகவே அச்சாக்கு நமக்கு ஆகாது. எனினும், ‘நம்மூரில்தானே இருக்கிறான், அவன் மட்டும் ஏன் திருந்தவில்லை?’ என்று பிறரைக் கேட்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

நூறு கொலை செய்தவனைப் பற்றிய ஹதீஸை நாம் அறிவோம். தவ்பாவுக்குத் தடையில்லை என்ற ஆலிம், அத்துடன் நில்லாது, அவன் ஊரை விட்டே நீங்கச் சொன்னார். அப்பொருளை நீரிலிருந்து அறவே நீக்கினால், வாயில்கள் தலைமுறைதோறும் குறைந்து, அந்த உயிரணுக்களும் மாறிவிடுகின்றன.