கடைசியாக இறங்க வேண்டியவர்

வட ஆப்பிரிக்காவுக்குள் வாண்டல் படைகள் நுழைந்துகொண்டிருந்த காலம் அது; கி.பி. 429ஐ ஒட்டிய ஆண்டுகள். ஹொனோராத்துஸ் என்ற ஆயரின் மனத்தை ஒரு கேள்வி அரித்தது. எதிரி நெருங்கும்போது மக்களை விட்டுவிட்டு ஆயர்கள் தப்பிப் போகலாமா? ஓர் ஊரில் துன்புறுத்தினால் வேறு ஊருக்குப் போய்விடுங்கள் என்று இயேசுவே சீடர்களிடம் சொன்னதாக மத்தேயு நற்செய்தியில் இருக்கிறதே? ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தினார் இதற்கு நீண்ட பதில் எழுதினார்.

ஓடவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. எதிரி தேடுவது ஒருவரை மட்டும்தான், அவருடைய பணியைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்றால் அவர் தப்பலாம். பவுலைக் கூடையில் வைத்து தமஸ்கு மதில் வழியாக இறக்கிவிட்டதை யாரும் கோழைத்தனம் என்பதில்லை. ஆபத்து எல்லோருக்கும் பொதுவானது என்னும்போது நிலைமை வேறு. உதவி தேவைப்படுவோர் அங்கேயே இருக்க, உதவ வேண்டியவர் மட்டும் கிளம்பக் கூடாது. இதைச் சொல்ல அவர் ஒரு கப்பலை உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். சிறுபடகில் குதித்தோ நீந்தியோ பிழைக்க வழியிருந்தாலும் மாலுமிகளும், எல்லோருக்கும் மேலாக மீகாமனும், ஆபத்தில் கப்பலைக் கைவிடலாகாது என்கிறார்.

அந்த உதாரணம் நம் காலத்தில் நிஜமாகவே நடந்தது. 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் டஸ்கனி கடற்கரைக்கு அப்பால் உள்ள ஜீலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதியது. கப்பலில் 4,229 பேர் இருந்தனர். கேப்டன் பிரான்செஸ்கோ ஸ்கெட்டினோ வழக்கமான பாதையை விட்டுத் தீவுக்கு மிக அருகே கப்பலைக் கொண்டுபோயிருந்தார். இடது பக்க அடிப்பகுதி ஐம்பது மீட்டருக்கு மேல் கிழிந்தது. எந்திர அறைகளில் நீர் புகுந்தது, மின்சாரம் போனது. திசைமாற்றும் திறனையும் இழந்த கப்பலைக் காற்று மெல்லத் தீவை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தது. கரையோரத்தில் அது வலப்பக்கமாகச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள்.

மோதியபோது மணி இரவு 9.45. கப்பலை விட்டு வெளியேறும் ஆணை வந்தபோது ஏறக்குறைய 10.55. இடைப்பட்ட எழுபது நிமிடத்தில் பயணிகளுக்கு ஒலிபெருக்கியில் கிடைத்த செய்தி, மின்கோளாறு, நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்பதுதான். நடந்ததைக் கரையிலிருந்த அதிகாரிகள் அறிந்ததுகூடக் கப்பலின் தலைமையிடமிருந்து அல்ல. பயணிகள் கைபேசியில் உறவினரை அழைக்க, அவர்கள் காவல்துறைக்குச் சொல்ல, அங்கிருந்துதான் செய்தி லிவோர்னோ துறைமுகத்துக்குப் போனது.

கப்பலிலிருந்து மக்களை இறக்குவதில் நேரம்தான் எல்லாமே. சர்வதேச விதிகளின்படி, உயிர்காப்புப் படகுகள் கப்பல் இருபது பாகை வரை சாய்ந்தாலும் இறக்கத்தக்கவையாக இருக்க வேண்டும். சாய்வு கூடக் கூட, உயர்ந்த பக்கத்துப் படகுகள் கப்பலின் உடலில் உரசி நின்றுவிடும். தாழ்ந்த பக்கத்துப் படகுகள் எட்டாத தூரத்துக்கு விலகித் தொங்கும். நடைவழிகள் சரிவாகி, பிறகு கிணறுபோல ஆகிவிடும். அந்த இரவில் பலர் கப்பலின் வெளிப்பக்கத்தில் கட்டிய ஏணியைப் பிடித்து இருட்டில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். முதல் அரை மணி நேரத்தில் உண்மையைச் சொல்லி மக்களைத் திரட்டியிருந்தால் தளம் ஏறக்குறைய நேராக இருந்தபோதே பெரும்பாலானோர் படகேறியிருக்கலாம்.

ஸ்கெட்டினோவை உலகம் நினைவில் வைத்திருப்பது படகில் ஏறிக் கரைசேர்ந்த மனிதராக. தடுமாறிப் படகுக்குள் விழுந்துவிட்டதாக அவர் சொன்ன விளக்கமும், திரும்பிப் போய்க் கப்பலில் ஏறுங்கள் என்று கடலோரக் காவல்படை அதிகாரி கிரெகோரியோ தே பால்கோ தொலைபேசியில் சீறியதும் உலகெங்கும் ஒலித்தன. ஆனால் அவர் மக்களைக் கைவிட்டது படகில் ஏறியபோது தொடங்கவில்லை. உண்மையை மறைத்த அந்த எழுபது நிமிடத்திலேயே அது நடந்துவிட்டது. 2015இல் அவருக்கு விதிக்கப்பட்ட பதினாறு ஆண்டுத் தண்டனையில் கப்பலைக் கைவிட்டதற்கு ஓராண்டுதான். பத்து ஆண்டுகள் பயணிகளின் சாவுக்குக் காரணமானதற்காக.

கப்பல் மூழ்கினால் கேப்டனும் கூடவே மூழ்க வேண்டும் என்ற பழைய வீரக் கற்பனையில் எந்த அறமும் இல்லை. அவர் செத்து யாருக்கு என்ன பயன்? பயணி ஏறும்போதே தன் கண்ணையும் காலையும் கப்பல்காரர்களிடம் ஒப்படைத்துவிடுகிறார். எந்தக் கதவு எங்கே திறக்கும், எந்தப் படகு இறங்கும், எப்போது கிளம்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சிலர்தான். அவர்கள் போய்விட்டால் அந்த அறிவும் கப்பலை விட்டுப் போய்விடுகிறது. தங்கியிருக்கும் கடமை பிறப்பது இந்த ஒப்படைப்பிலிருந்துதான், கௌரவத்திலிருந்து அல்ல. கடைசிப் பயணி இறங்கியதும் அந்தக் கடமை முடிந்துவிடுகிறது. கேப்டனும் உயிரோடு கரைசேரலாம், சேரவும் வேண்டும்.

யோவான் நற்செய்தியில் ஓர் உவமை உண்டு. ஓநாயைக் கண்டதும் கூலிக்கு மேய்ப்பவன் ஓடிவிடுகிறான், ஆடுகள் அவனுடையவை அல்ல. நல்ல ஆயனோ ஆடுகளுக்காக உயிரையே தருகிறான். கான்கார்டியாவை இந்த உவமையோடு வைத்துப் பார்த்தால் ஒன்று நெஞ்சைத் தொடுகிறது. அன்றிரவு படகுகளை இறக்கியவர்களில், பயணிகளைக் கைபிடித்து நடத்தியவர்களில் பலர் பல நாடுகளிலிருந்து கூலிக்கு வந்த சமையற்காரர்கள், உணவு பரிமாறுவோர், அறை துப்புரவு செய்வோர். இறந்தவர்களில் ஐந்து பேர் பணியாளர்கள். கூலி வாங்குவது ஒருவரைக் கூலியாளாக ஆக்கிவிடுவதில்லை. தீவின் துணை மேயர் மாரியோ பெல்லெக்ரினியோ எந்தக் கூலியும் எந்தக் கட்டாயமும் இல்லாமல், எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்த கப்பலில் ஏறி மற்றவர்களை மேலே தூக்கிவிட்டார்.

கேப்டன் கடைசிவரை தங்க வேண்டும் என்பதற்கு எதிரான வாதமும் உண்டு. 1991 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்கக் கடலில் ஓசியானோஸ் என்ற பயணிக் கப்பல் மூழ்கியது. பயணிகள் பலர் மேல்தளத்தில் காத்திருக்க, கேப்டன் யானிஸ் அவ்ரானாஸ் ஹெலிகாப்டரில் ஏறிப் போனார். வெளியேறச் சொன்ன ஆணை எல்லோருக்கும் பொது, மீட்பைக் கரையிலிருந்தும் நடத்தலாம் என்பது அவர் தரப்பு. கப்பலில் கிதார் வாசித்துக்கொண்டிருந்த மாஸ் ஹில்ஸ் தலைமை அறைக்குப் போனபோது அங்கே ஒருவரும் இல்லை. அவரே வானொலியில் உதவி கேட்டார்; அவரும் சக கலைஞர்களும் சேர்ந்து பயணிகளை ஒழுங்குபடுத்தி ஹெலிகாப்டர்களில் ஏற்றினார்கள். ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் சாகவில்லை. கேப்டன் இருந்தால்தான் முடியும் என்பதில்லையே என்று இதைக் காட்டி வாதிடலாம். ஆனால் அந்தக் கலைஞர்கள் செய்தது கேப்டன் செய்ய வேண்டிய வேலையைத்தான். கடமை காலியாகக் கிடந்ததால் யாரோ அதை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மனித இயல்பும் இந்தக் கடமைக்குச் சாதகமாக இல்லை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் மிக்கேல் எலிண்டரும் ஆஸ்கர் எரிக்சனும் பதினெட்டுக் கப்பல் விபத்துகளில் சிக்கிய 15,000க்கும் மேற்பட்டோரின் கதியை ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பயணிகளைவிடக் கேப்டன்களும் பணியாளர்களும் அதிகம் பிழைத்திருந்தனர். பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே பிழைத்திருந்தனர். ஆகவே, ஆபத்து நேரத்தில் நல்லவர் ஒருவர் வந்து நிற்பார் என்று நம்பி ஆயிரக்கணக்கானோரைக் கடலுக்கு அனுப்புவது நேர்மையாகாது. கடமையை முன்கூட்டியே பழக்கமாக்க வேண்டும்.

கான்கார்டியாவில் அன்று மாலை சிவிதாவெக்கியா துறைமுகத்தில் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்குப் பாதுகாப்பு ஒத்திகை நடந்திருக்கவில்லை. அது விதிமீறலும் அல்ல. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று விதி இருந்தது. 2015 முதல், புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும். இன்று ஐகான் ஆஃப் த சீஸ் போன்ற கப்பல் பயணிகளும் பணியாளர்களுமாக ஏறக்குறைய பத்தாயிரம் பேரைச் சுமக்கும். கொரோனாவுக்குப் பிறகு பல நிறுவனங்கள், எல்லோரையும் ஓரிடத்தில் திரட்டும் ஒத்திகையைக் கைவிட்டு, கைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அவரவர் வசதிப்படி வந்து பெயர் பதிந்தால் போதும் என்று மாற்றிவிட்டன. கூட்ட நெரிசல் இல்லை, பயணிகளுக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் காப்பவரும் காக்கப்பட வேண்டியவர்களும் கூட்டாக நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் ஒரே சந்தர்ப்பம் அந்த ஒத்திகைதான். நிறுவனங்கள் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பயணிகளும் விடுமுறையின் முதல் அரை மணி நேரத்தை அதற்கு மனமுவந்து தர வேண்டும்.